ஏ.வி. ரிசீவரில் ஸ்பீக்கர் அளவும் பேஸும்: எதை முதலில், எதைக் கடைசியில் செட் செய்வது

பாட்டு போட்டால், கீழ்ச்சுரங்களை (பேஸ்) மட்டும் பாடும் சப்வூஃபர் பெட்டி வாயே திறப்பதில்லை. படம் போட்டால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது, வசனம் மட்டும் தேய்ந்து கேட்கிறது. புதிதாக 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) பொருத்திய வீடுகளில் முதல் வாரத்திலேயே இந்த இரண்டு புகாரும் வந்துவிடும். பெரும்பாலும் ஸ்பீக்கரிலும் குறை இருக்காது, சப்வூஃபரிலும் குறை இருக்காது. எல்லா ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பும் ஏ.வி. ரிசீவரின் மெனுவில் நாலைந்து இடங்கள் தப்பாக இருக்கும். அல்லது சரியாக வைத்ததை, அதற்குப் பிறகு செய்த இன்னொரு வேலை அழித்திருக்கும்.

அதனால்தான் வரிசை முக்கியம். மைக்கை வைத்து, ரிசீவரே டெஸ்ட் ஒலி எழுப்பி அளக்கும் ஆட்டோ அளவீட்டை ஓட்டினால், அதற்கு முன் கையால் வைத்த ஸ்பீக்கர் அளவு, கிராஸ்ஓவர் (எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எண்), தூரம், லெவல் (ஒவ்வொரு ஸ்பீக்கரின் சத்த அளவு) எல்லாம் மாற்றி எழுதப்பட்டுவிடும். அளவீட்டுக்குப் பிறகு சப்வூஃபரின் பின்னால் உள்ள திருகைத் தொட்டால், அளவீடு வீண். கீழே உள்ள படிகளை மேலிருந்து கீழாகவே செய்யுங்கள். மெனுப் பெயர்கள் டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் இருப்பவை. யமஹாவும் ஓன்கியோவும் வேறு பெயர் வைத்திருக்கும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறது.

1. ஆரம்பிக்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒவ்வொரு ஸ்பீக்கரின் விவரத் தாள் வேண்டும். அதில் தேட வேண்டியது 'ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ்' வரியில் உள்ள சின்ன எண். உதாரணமாக 55 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை என்றிருந்தால் 55-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பிளஸ் மைனஸ் 3 டெசிபெல் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். மைனஸ் 6 என்றோ மைனஸ் 10 என்றோ போட்டிருந்தால், அல்லது எதுவுமே போடவில்லை என்றால், அந்த எண் கொஞ்சம் பெருமைக்காகப் போட்டது. பத்து, பதினைந்து ஹெர்ட்ஸ் கூட்டி எழுதிக்கொள்வது பாதுகாப்பு.

ரிசீவரோடு வந்த மைக், அதை நிறுத்த ஒரு கேமரா ட்ரைபாட், ஒரு இன்ச் டேப், சப்வூஃபருக்கு ஒற்றை ஆர்.சி.ஏ. கேபிள் ஆகியவையும் வேண்டும். கேபிள் ஷீல்டு உள்ளதாக இருக்கட்டும். டி.வி.டி. பிளேயரோடு வந்த மெல்லிய சிவப்பு வெள்ளை வயரை ஐந்து மீட்டருக்கு இழுத்தால் ஹம் ('ம்ம்ம்' என்ற இரைச்சல்) பிடிக்கும்.

இப்போது மெனுவில் என்ன இருக்கிறதோ, அத்தனை திரைகளையும் போனில் படம் எடுத்து வையுங்கள். இரண்டு நிமிட வேலை. குழம்பிவிட்டால் திரும்பிப் போக வழி இருக்கும்.

2. ரிசீவரை ஆன் செய்யும் முன்: வயரும் சப்வூஃபர் திருகுகளும்

ஸ்பீக்கர் வயரில் சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்குப் போயிருக்கிறதா என்று இரண்டு முனையிலும் பாருங்கள். முன் ஸ்பீக்கர் இரண்டில் ஒன்று மட்டும் மாறியிருந்தால் இரண்டின் பேஸும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். சத்தம் இருக்கும், சதை இருக்காது. மெனுவில் எதைத் திருப்பினாலும் அது சரியாகாது.

ரிசீவரில் 'சப்வூஃபர் ப்ரீ அவுட்' துளையிலிருந்து சப்வூஃபரில் 'எல்.எஃப்.இ.' (படத்தில் சப்வூஃபருக்கென்றே வரும் தடத்தின் பெயர்) என்று எழுதியிருக்கும் துளைக்குக் கேபிள் போகட்டும். அப்படி ஒரு துளை இல்லையென்றால் 'லைன் இன்' வரிசையில் இடது பக்கத் துளை.

சப்வூஃபரின் பின்னால் வழக்கமாக மூன்று திருகுகள் இருக்கும். கிராஸ்ஓவர் அல்லது லோ பாஸ் என்று இருப்பதை முழுக்க வலது பக்கம், அதாவது அதிகபட்ச எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள். பைபாஸ் சுவிட்ச் இருந்தால் அதைப் போடுங்கள். பிரிக்கும் வேலையை ரிசீவர் செய்யப்போகிறது. சப்வூஃபரும் தன் பங்குக்கு 80 ஹெர்ட்ஸில் வெட்டினால், ஒரே இடத்தில் இரண்டு வெட்டு விழும். சப்வூஃபரும் முன் ஸ்பீக்கரும் சேரும் இடத்தில் ஒரு பள்ளம் வரும். புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான், ஏனென்றால் அந்தத் திருகில் 80 என்று அச்சடித்திருப்பதைப் பார்த்தால் அங்கே வைக்கத்தான் கை போகும்.

வால்யூம் திருகு கடிகாரத்தில் 11, 12 மணி நிலையில். ஃபேஸ் (சப்வூஃபர் மற்ற ஸ்பீக்கர்களோடு சேர்ந்து அசைகிறதா, எதிர்த்து அசைகிறதா என்பது) 0. ஆட்டோ பவர் இப்போதைக்கு வேண்டாம், 'ஆன்' நிலையில் விடுங்கள். அளவீட்டின் நடுவில் அது தூங்கிப் போனால் சப்வூஃபரே இல்லை என்று ரிசீவர் முடிவு கட்டிவிடும்.

3. சப்வூஃபர் உட்காரும் இடம்

அறையின் நீளமும் அகலமும் பேஸைத் தீர்மானிக்கின்றன. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 15 அடி நீள ஹாலில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 37 ஹெர்ட்ஸ் அருகிலும், 12 அடி அகலத்துக்கு 47 ஹெர்ட்ஸ் அருகிலும் ஒலி தேங்கி நிற்கும். செங்கல் வைத்துப் பூசிய சுவர் பேஸை உறிஞ்சாது, அப்படியே திருப்பி அனுப்பும். பலகைச் சுவர் உள்ள நாடுகளில் எழுதப்பட்ட ஆலோசனைகள் நம் வீட்டில் அப்படியே பலிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

சோஃபா பின்சுவரை ஒட்டி இருந்தால் அங்கே பேஸ் வீங்கும். அறையின் நட்ட நடுவில் உட்கார்ந்தால் சில சுரங்கள் காணாமல் போகும். முடிந்தால் சோஃபாவைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுங்கள்.

சப்வூஃபருக்கு இடம் பிடிக்க ஒரு பழைய முறை உண்டு. அதைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். பேஸ் கிட்டார் ஒரே சீராக ஓடும் பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவர் ஓரமாகத் தலையைத் தாழ்த்தி நடந்து வாருங்கள். எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கும் இடம் எதுவோ, அங்கே சப்வூஃபர் போகட்டும். பெரிதாகக் கேட்கும் இடத்தைத் தேடாதீர்கள். மூலையில் வைத்தால் எப்போதும் பெரிதாகத்தான் கேட்கும், ஆனால் ஒரு சுரம் மட்டும் குமுறும்.

ஷோகேஸ் கண்ணாடியும் லாஃப்ட்டில் இருக்கும் எவர்சில்வர் பாத்திரங்களும் 40 ஹெர்ட்ஸுக்குக் கூடவே பாடும். அதைச் சப்வூஃபர் கிழிந்துவிட்டது என்று நினைத்து சர்வீசுக்குத் தூக்கிப் போகிறவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் கண்ணாடியைக் கையால் அழுத்திப் பிடித்துக் கேளுங்கள்.

4. ஆட்டோ அளவீடு

இதை இந்த இடத்தில்தான் ஓட்ட வேண்டும். வயரும் இடமும் திருகுகளும் முடிவான பிறகு, கையால் எதையும் மாற்றும் முன். டெனான், மராண்ட்ஸில் இதன் பெயர் ஆடிசி. யமஹாவில் வைப்பாவோ. ஓன்கியோவில் அக்யூ ஈக்யூ.

சீலிங் ஃபேனை நிறுத்துங்கள், ஏ.சி.யையும் நிறுத்துங்கள். ஃபேன் காற்று மைக்கின் மேல் அடித்தால் அது மைக்குக்குக் கீழ்ச்சுரச் சத்தமாகத்தான் படும், பேஸ் கணக்கு கெடும். பக்கத்தில் மிக்ஸி ஓடாத நேரமாகப் பாருங்கள்.

மைக் ட்ரைபாட் மேல், உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில், நுனி கூரையைப் பார்த்து நிற்க வேண்டும். சோஃபா முதுகின் மேல் வைக்கக் கூடாது, கையில் பிடிக்கவும் கூடாது. முதல் அளவீடு நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில், ஏனென்றால் தூரக் கணக்கு அதை வைத்துத்தான். மற்ற அளவீடுகள் அந்த இடத்தைச் சுற்றி இரண்டு அடிக்குள் இருந்தால் போதும். வாசலோரம் உள்ள நாற்காலியையும் சேர்த்துக்கொண்டால் யாருக்குமே சரியாக இல்லாத ஒரு சராசரிதான் கிடைக்கும்.

முடிந்ததும் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, சப்வூஃபர் லெவல். மைனஸ் 8-க்கும் மைனஸ் 3-க்கும் நடுவில் இருந்தால் நல்லது. மைனஸ் 12 என்று வந்தால் அதுதான் மெனுவின் அடிமட்டம், உண்மையில் இன்னும் குறைக்க வேண்டியிருந்திருக்கலாம். திருகைக் கொஞ்சம் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். இரண்டு, சப்வூஃபர் தூரம். டேப்பில் 9 அடி, மெனுவில் 13 அடி என்று காட்டும். தப்பில்லை. சப்வூஃபருக்குள் இருக்கும் மின்சுற்று சிக்னலைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது, அந்தத் தாமதத்தையும் ரிசீவர் தூரமாகக் கணக்கிடுகிறது. டேப்பை நம்பி அதை 9 ஆக்கினால் சேர்க்கை கெடும். மூன்று, 'ஃபேஸ்' எச்சரிக்கை. வயரைச் சரிபாருங்கள். வயர் சரியென்றால் தாண்டிப் போகலாம், சில ஸ்பீக்கர்கள் தங்கள் உள்ளமைப்பால் அப்படிக் காட்டுவது உண்டு.

5. லார்ஜ், ஸ்மால்: அளவு என்ற பெயரில் ஒளிந்திருக்கும் கேள்வி

'செட்டப்', 'ஸ்பீக்கர்ஸ்', 'மேனுவல் செட்டப்', 'ஸ்பீக்கர் கான்ஃபிக்' என்று போங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் எதிரில் லார்ஜ் அல்லது ஸ்மால் என்று இருக்கும். ஓன்கியோவில் லார்ஜுக்குப் பதில் 'ஃபுல் பேண்ட்' என்றும், ஸ்மாலுக்குப் பதில் நேரடியாக ஒரு ஹெர்ட்ஸ் எண்ணும் இருக்கும்.

இந்தப் பெயர் பலரையும் வழிதவற வைக்கிறது. நாலடி உயர டவர் ஸ்பீக்கரை வாங்கிவிட்டு ஸ்மால் என்று எழுத மனசு வராது. ரிசீவர் கேட்பது பெட்டியின் உயரத்தை அல்ல. இந்த ஸ்பீக்கருக்கு வரும் பேஸை இதற்கே அனுப்பவா, சப்வூஃபருக்கு மாற்றிவிடவா என்றுதான் கேட்கிறது. லார்ஜ் என்றால் முழுச் சிக்னலும் ஸ்பீக்கருக்கே. ஸ்மால் என்றால் கிராஸ்ஓவர் எண்ணுக்குக் கீழே உள்ளது சப்வூஃபருக்கு.

சப்வூஃபர் இருக்கிற வீட்டில் எல்லா ஸ்பீக்கரையும் ஸ்மால் ஆக்குங்கள். டவரையும் சேர்த்துத்தான்.

காரணம் இயற்பியல். ஒரே சத்தத்துக்கு, சுரம் ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால் ஸ்பீக்கர் கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போக வேண்டும். 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் அசைகிற கோன், 40 ஹெர்ட்ஸில் நான்கு மில்லிமீட்டர் அசைய வேண்டும். அதே கோன்தான் நடுச் சுரங்களையும் பாடுகிறது என்றால் குரல் கலங்கும். ரிசீவரின் ஆம்ப்ளிஃபயரையும் பேஸ்தான் அதிகம் குடிக்கிறது. அந்தச் சுமையைச் சொந்த ஆம்ப்ளிஃபயர் உள்ள சப்வூஃபரிடம் தள்ளிவிட்டால் மீதிக்கு மூச்சு கிடைக்கும். இன்னொன்றும் உண்டு. சப்வூஃபரை நல்ல இடம் பார்த்து வைத்தீர்கள். டவரை அப்படி வைக்க முடியாது, டி.வி.யின் இரண்டு பக்கமும்தான் அதற்கு இடம்.

அப்படியானால் ஆட்டோ அளவீடு ஏன் லார்ஜ் என்று போடுகிறது? சுவரும் மூலையும் பேஸைத் தூக்கிக் கொடுப்பதால், அறைக்குள் அளக்கும்போது ஸ்பீக்கர் 40 ஹெர்ட்ஸ் வரை இறங்குவதாக மைக்குக்குத் தெரிகிறது. அந்த எல்லையைத் தொட்டால் லார்ஜ் என்று ரிசீவரில் ஒரு விதி எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சத்தத்தைக் கூட்டினாலும் அந்த ஸ்பீக்கர் அதே 40 ஹெர்ட்ஸைத் தாங்குமா என்று அது சோதிக்கவில்லை. யமஹா கையேட்டில் வூஃபர் விட்டம் 16 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் லார்ஜ் என்றொரு வழிகாட்டுதல் இருக்கும். சப்வூஃபர் இருந்தால் அதையும் பொருட்படுத்த வேண்டாம்.

லார்ஜ் சரியாக வரும் இடம் குறைவு. சப்வூஃபரே இல்லாத வீடு ஒன்று. தனக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயரோடு கூடிய சப்வூஃபர் வைத்த டவர் இன்னொன்று.

ஸ்மால் என்ற தேர்வே வரவில்லை என்றால், அதே திரையில் சப்வூஃபர் 'நோ' என்று இருக்கும். அப்போது முன் ஸ்பீக்கர் தானாகவே லார்ஜில் பூட்டிக்கொள்ளும். முதலில் சப்வூஃபரை 'யெஸ்' ஆக்குங்கள். அதேபோல, முன் ஸ்பீக்கரை ஸ்மால் ஆக்கியதும் மற்றவற்றில் லார்ஜ் மறைந்துபோனால் பயப்பட வேண்டாம், அது ரிசீவரின் வழக்கமான கட்டுப்பாடு.

6. கிராஸ்ஓவர் எண்

டெனானில் 40, 60, 80, 90, 100, 110, 120, 150, 200, 250 என்று படிகள் இருக்கும். எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால் 80. சினிமா ஒலிக்கான டி.ஹெச்.எக்ஸ். தரமும் அந்த எண்ணைத்தான் வைத்தது. அதற்குக் கீழே வரும் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிப்பது கடினம். அதனால் சப்வூஃபர் மூலையில் இருந்தாலும், சத்தம் திரையிலிருந்து வருவதாகவே தோன்றும்.

கணக்காகப் போட வேண்டுமென்றால், முதல் படியில் குறித்த எண்ணை 1.4 ஆல் பெருக்கி, அதற்கு மிக அருகில் உள்ள படியை எடுங்கள். கிராஸ்ஓவர் சுவர் மாதிரி நிற்காது, சரிவு மாதிரி இறங்கும். 80-இல் வைத்தாலும் 60 ஹெர்ட்ஸ் ஓரளவு ஸ்பீக்கருக்குப் போகத்தான் செய்யும். அங்கேயும் ஸ்பீக்கருக்குத் தெம்பு இருக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்த 1.4.

55 ஹெர்ட்ஸ் என்று எழுதிய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கருக்கு 77 வரும், 80 வையுங்கள். 65 எழுதிய சென்டருக்கு 91, ஆகவே 90. 42 எழுதிய டவருக்கு 59 வரும். 60 வைக்கலாம், ஆனால் 80 வைத்தும் கேட்டுப் பாருங்கள். அறையில் 60-க்கும் 80-க்கும் நடுவில் பள்ளம் இருந்தால் அதை நிரப்ப, நல்ல இடத்தில் இருக்கும் சப்வூஃபரால்தான் முடியும். மூன்று அங்குல வூஃபர் உள்ள சிறு சாட்டிலைட் ஸ்பீக்கருக்கு 120 முதல் 150. கூரையில் பதித்த அட்மாஸ் ஸ்பீக்கருக்கு 100, 120. கூரையை நோக்கிப் பாடும் மேல்பெட்டி வகைக்கு 150-க்கு மேல்தான்.

ஆட்டோ அளவீடு சொன்ன எண்ணை உயர்த்தலாம், தாழ்த்தக் கூடாது. 90 என்று அது சொன்னால், அதற்குக் கீழே அந்த ஸ்பீக்கரில் போதிய சத்தம் மைக்குக்குக் கிடைக்கவில்லை என்று பொருள். ஆடிசியில் அந்த எல்லைக்குக் கீழே திருத்தமும் செய்யப்படுவதில்லை. நீங்கள் 60 ஆக்கினால் நடுவில் உள்ள 30 ஹெர்ட்ஸ் அனாதையாகிவிடும். ஸ்பீக்கரும் பாடாது, சப்வூஃபருக்கும் போகாது. ஆண் குரலின் அடித்தளமும் டிரம்மின் அடியும் 100 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கின்றன. குரல் மெலிந்துவிட்டது என்ற புகாரின் பின்னால் பெரும்பாலும் இந்தத் தாழ்த்தல்தான் இருக்கும்.

120-க்கு மேல் வைக்க வேண்டி வந்தால் சப்வூஃபரை இரண்டு முன் ஸ்பீக்கர்களுக்கு இடையில் கொண்டுவந்துவிடுங்கள். அந்த உயரத்தில் திசை தெரிய ஆரம்பித்துவிடும். சப்வூஃபர் சோஃபாவுக்குப் பின்னால் இருந்தால் கதாநாயகன் முதுகுக்குப் பின்னாலிருந்து பேசுவார்.

பழைய ரிசீவர்களில் எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே எண்தான் வைக்க முடியும். அப்போது முன் ஸ்பீக்கரையும் சென்டரையும் பார்த்து முடிவு செய்யுங்கள். பின்னால் உள்ள சரவுண்டில் கொஞ்சம் இழந்தாலும் பெரிதாகத் தெரியாது.

7. 'பேஸ்' திரை: எல்.எஃப்.இ.யும் அதன் எல்லையும்

இங்கே இரண்டு வரிகள்தான், இரண்டும் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுபவை.

முதல் வரி 'சப்வூஃபர் மோட்'. தேர்வுகள் 'எல்.எஃப்.இ.' அல்லது 'எல்.எஃப்.இ. பிளஸ் மெயின்'. முதலாவதை வையுங்கள். இரண்டாவது, லார்ஜ் என்று வைத்த ஸ்பீக்கரின் பேஸை அதற்கும் அனுப்பி, சப்வூஃபருக்கும் ஒரு நகல் அனுப்பும். யமஹாவில் இதன் பெயர் 'எக்ஸ்ட்ரா பேஸ்', ஓன்கியோவில் 'டபுள் பேஸ்'. பெயரைக் கேட்டால் ஆசையாக இருக்கும். ஒரே சுரத்தை மூன்று இடத்திலிருந்து மூன்று நேரத்தில் பாடினால் ஓரிடத்தில் குமுறும், அடுத்த நாற்காலியில் காணாமல் போகும். கடையில் பத்து நிமிடம் கேட்கையில் நன்றாகத்தான் இருக்கும், வீட்டில் முழுப் படம் பார்த்தால் தலை வலிக்கும். எல்லா ஸ்பீக்கரையும் ஸ்மால் ஆக்கிவிட்டீர்கள் என்றால் இந்தத் தேர்வுக்கு வேலையே இல்லை.

இரண்டாவது வரி 'எல்.பி.எஃப். ஃபார் எல்.எஃப்.இ.', அதாவது எல்.எஃப்.இ. தடத்தை எந்த ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டுவது என்பது. இது 120 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். கிராஸ்ஓவர் 80 என்றால் இதுவும் 80-தானே என்று மாற்றுகிறவர்கள் அதிகம். இரண்டும் வேறு. எல்.எஃப்.இ. என்பது 5.1-இல் உள்ள அந்த '.1' தனித் தடம், படத்தின் ஒலிக்கலவையிலேயே சப்வூஃபருக்கென்று எழுதப்பட்டது. அது 120 வரை போகலாம். இங்கே 80-இல் வெட்டினால், 80-க்கும் 120-க்கும் நடுவில் உள்ளது வேறெந்த ஸ்பீக்கருக்கும் மாறிப் போகாது. குப்பைக்குப் போகிறது.

8. லெவல்

ஆட்டோ அளவீடு வைத்ததை ஒரு வாரம் அப்படியே விடுங்கள். அதற்கு முன் காது பழைய குமுறலைத்தான் தேடும்.

பிறகும் பேஸ் போதவில்லை என்றால் மெனுவில் சப்வூஃபர் லெவலை 2 அல்லது 3 டெசிபெல் உயர்த்துங்கள். பின்னால் உள்ள திருகைத் தொட வேண்டாம், அதில் எண் இல்லை, பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. 3 டெசிபெல் கூட்டினாலே சப்வூஃபருக்கு இரட்டிப்பு வாட்ஸ் தேவை. 10 கூட்டினால் பத்து மடங்கு. பத்து அங்குலச் சப்வூஃபர் 'டக் டக்' என்று அடிக்க ஆரம்பித்தால் கோன் தன் எல்லையைத் தொடுகிறது, உடனே குறையுங்கள்.

போனில் உள்ள டெசிபெல் ஆப்பை வைத்துச் சப்வூஃபரை அளக்காதீர்கள். பல ஆப்கள் 'ஏ' எடையில் அளக்கும். அந்தக் கணக்கு 80 ஹெர்ட்ஸில் 22.5 டெசிபெலும் 40 ஹெர்ட்ஸில் 34.6 டெசிபெலும் குறைத்துக் காட்டும். அதை நம்பி மற்ற ஸ்பீக்கர்களோடு சமன் செய்தால் வீடு இடியும். தனி மீட்டர் இருந்தால் 'சி' எடை, 'ஸ்லோ', டெஸ்ட் டோனுக்கு 75 டெசிபெல்.

மெதுவாக வைத்துக் கேட்கும்போது மட்டும் பேஸ் காணாமல் போகிறது என்றால் லெவலைக் கூட்டுவது மருந்தல்ல. சத்தம் குறைந்தால் காதே பேஸைக் குறைவாகக் கேட்கும். அதற்கென்று ஆடிசியில் 'டைனமிக் ஈக்யூ'வும் யமஹாவில் 'வைப்பாவோ வால்யூம்' வசதியும் இருக்கின்றன. அபார்ட்மென்டில் ராத்திரி படம் பார்ப்பவர்களுக்கு உபயோகமான பொத்தான் இதுதான். டோன் மெனுவில் உள்ள பேஸ் 0-விலேயே இருக்கட்டும். அது வரம்பு பார்க்காமல் எல்லாவற்றையும் தூக்கும், ஸ்மால் ஆக்கி நீங்கள் மிச்சம் பிடித்த சுமையைத் திரும்ப ஸ்பீக்கர் தலையில் வைக்கும்.

9. ஃபேஸ் சோதனை

சவுண்ட் மோடை 'ஸ்டீரியோ' ஆக்குங்கள். கிராஸ்ஓவர் எண்ணிலேயே ஒரு டோன், அதாவது 80 ஹெர்ட்ஸ், மிதமான சத்தத்தில் ஓடட்டும். நீங்கள் உங்கள் இடத்தில் உட்காருங்கள். வீட்டில் ஒருவர் சப்வூஃபரின் ஃபேஸ் சுவிட்சை 0-விலிருந்து 180-க்கும், 180-லிருந்து 0-வுக்கும் மாற்றட்டும். எதில் பெரிதாகக் கேட்கிறதோ அதுதான் சரி, ஏனென்றால் சேர்ந்து பாடினால் சத்தம் கூடும், எதிர்த்துப் பாடினால் குறையும்.

வித்தியாசமே தெரியவில்லை என்றால் இரண்டும் பாதிப் பாதி ஒத்துப்போகின்றன. அப்போது மெனுவில் சப்வூஃபர் தூரத்தை ஒரு நேரத்தில் ஒரு அடி கூட்டியும் குறைத்தும் பாருங்கள். ஒரு அடி என்பது ஏறக்குறைய 0.9 மில்லி செகண்ட். 80 ஹெர்ட்ஸின் அலைநீளம் 4.3 மீட்டர், அதாவது 14 அடி. ஆகவே மூன்று நான்கு அடிக்குள் பெரிதாகக் கேட்கும் புள்ளி அகப்பட்டுவிடும். நீண்ட நேரம் டோனைச் சத்தமாக ஓடவிடாதீர்கள், ஸ்பீக்கருக்குள் இருக்கும் 'வாய்ஸ் காயில்' என்ற கம்பிச்சுருள் சூடாகும்.

10. பிளேயரும் டி.வி.யும்

ப்ளூ ரே பிளேயரிலும் ஸ்பீக்கர் அளவு என்று ஒரு மெனு இருக்கலாம். அங்கே எல்லாம் லார்ஜ், ரிசீவரில் எல்லாம் ஸ்மால். இங்கு மட்டும் இந்தத் தலைகீழ்தான் சரி: பேஸை ஒரே இடத்தில்தான் பிரிக்க வேண்டும். ஆடியோ அவுட்புட் 'பிட்ஸ்ட்ரீம்', அதாவது ஒலியைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்புவது.

டி.வி.யிலிருந்து ஆர்க் (டி.வி.யின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் எச்.டி.எம்.ஐ. இணைப்பு) வழியாக வருகிறது என்றால், டி.வி.யின் ஒலி மெனுவில் 'பி.சி.எம்.' என்றிருப்பதை 'பாஸ்த்ரூ' அல்லது 'ஆட்டோ' ஆக்குங்கள். பி.சி.எம். என்றால் பல டி.வி.க்கள் இரண்டு சேனலாகச் சுருக்கி அனுப்பும், '.1' தடம் வராது. செட் டாப் பாக்ஸில் பழைய படங்கள் இரண்டு சேனலில்தான் வரும். முன் ஸ்பீக்கர் ஸ்மாலில் இருந்தால் அப்போதும் சப்வூஃபர் வேலை செய்யும்.

'டைரக்ட்', 'ப்யூர் டைரக்ட்' பொத்தான்களைக் கவனியுங்கள். பல ரிசீவர்களில் இவை அறைத் திருத்தத்தைத் தாண்டிப் போகும். அனலாக் இன்புட்டில் சிலவற்றில் சப்வூஃபரையும் அணைத்துவிடும்.

11. இன்னும் சரியில்லை என்றால்

பாட்டில் சப்வூஃபர் வரவில்லை, படத்தில் வருகிறது: முன் ஸ்பீக்கர் லார்ஜில் இருக்கிறது, சப்வூஃபர் மோட் எல்.எஃப்.இ. ஸ்டீரியோ பாட்டில் '.1' தடமே கிடையாது, ஆகவே சப்வூஃபருக்கு அனுப்ப ஒன்றுமில்லை. ஐந்தாம் படிக்குப் போங்கள்.

நேற்று வரை நன்றாக இருந்தது, இன்று மெலிந்துவிட்டது: யாரோ ஆட்டோ அளவீட்டை மறுபடி ஓட்டியிருப்பார்கள், அல்லது ரிசீவர் ரீசெட் ஆகியிருக்கும். போனில் உள்ள படத்தோடு ஒப்பிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு இன்னொரு முறை படமெடுத்து வைப்பது இதற்குத்தான்.

ஒரே ஒரு சுரம் மட்டும் குமுறுகிறது: அறையின் தேக்கம். லெவலைக் குறைத்தால் எல்லாம் குறையும், அந்தச் சுரமும் மற்றவற்றுக்கு மேலேயேதான் நிற்கும். சப்வூஃபரை இரண்டடி நகர்த்தி நான்காம் படியிலிருந்து மறுபடி. ஒரு சுரம் காணவில்லை என்றாலும் இதே வைத்தியம்தான். ஈக்வலைசரில் அதை ஏற்றாதீர்கள். அங்கே அலைகள் ஒன்றையொன்று அழிக்கின்றன, எவ்வளவு ஊற்றினாலும் அவ்வளவும் அழியும், சப்வூஃபர்தான் மூச்சு வாங்கும்.

சத்தம் குறைவாக இருக்கும்போது சப்வூஃபர் தூங்கிப் போகிறது: ஆட்டோ பவர் எழுந்திருக்கப் போதிய சிக்னல் வரவில்லை. சப்வூஃபர் திருகைச் சற்றுக் குறைத்து, மெனு லெவலை அதே அளவு உயர்த்தினால் ரிசீவரிலிருந்து வரும் சிக்னல் வலுக்கும். எளிய வழி, 'ஆன்' நிலையிலேயே விட்டுவிட்டு மெயின் சுவிட்சில் அணைப்பது.

எதுவும் ஓடாதபோதே 'ம்ம்ம்' என்ற ஹம்: முதலில் ஆர்.சி.ஏ. கேபிளைச் சப்வூஃபர் பக்கம் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் சுழல், அதாவது இரண்டு கருவிகளின் எர்த்துகளுக்கு நடுவே வட்டமிடும் மின்சாரம். சப்வூஃபரையும் ரிசீவரையும் ஒரே போர்டில் செருகுங்கள். அப்போதும் இருந்தால் செட் டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டி.வி. வயரைக் கழற்றிப் பாருங்கள். தெருக் கம்பத்திலிருந்து வரும் அந்த வயர் வழியாகத்தான் பல வீடுகளில் ஹம் உள்ளே வருகிறது. அதோடு ஹம் போனால், அந்த வயரின் நடுவே கோஆக்சியல் ஐசோலேட்டர் ஒன்றை வாங்கிப் போடுங்கள். சப்வூஃபர் பிளக்கின் எர்த் பின்னை ஒடித்து ஹம்மை நிறுத்தும் வழக்கம் ஒன்று இருக்கிறது. ஷாக் அடிக்கும், செய்யாதீர்கள்.